பபாட்டித் துவரை யாங்கூனில் வெந்த கதை

ஒரு மூட்டைத் துவரையோடும் ஒரு சங்கத் தலைவரோடும் நான் யாங்கூனில் போய் இறங்கியபோது மழைக்காலம் தொடங்கிவிட்டிருந்தது. தலைவரை உடனே உள்ளே விட்டார்கள். துவரையைத்தான் நிறுத்தி வைத்தார்கள். சுங்கத்தில் இருந்த பெண் அதிகாரி இரண்டு கன்னத்திலும் தனக்கா என்கிற மரப்பட்டைக் குழம்பைப் பூசியிருந்தார். மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். "இது எங்கள் நாட்டிலேயே மலை மலையாகக் கிடக்கிறதே, இதையா ஆப்பிரிக்காவிலிருந்து தூக்கி வந்தீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நியாயமான கேள்விதான். ஒருவழியாக மூட்டையை மீட்டு வெளியே வந்தோம். அதன் பிறகு யாங்கூனில் நாங்கள் சந்தித்த அத்தனை பேரும் அதே கேள்வியைக் கேட்டார்கள்.

நான் விருதுநகர்க்காரி. கணவருக்குத் தான்சானியாவில் பள்ளி ஆசிரியர் வேலை கிடைத்ததால் அங்கே போனவள். பபாட்டி என்கிற ஊரில் துவரை விவசாயிகளின் சங்கம் ஒன்று இருக்கிறது. அதில் ஏற்றுமதிப் பிரிவு என்று ஒரு மேஜை போட்டார்கள். பருப்பு வியாபாரத்துக்குப் பேர்போன ஊரிலிருந்து வந்தவள் என்பதாலேயே அந்த மேஜையில் என்னை உட்கார வைத்துவிட்டார்கள்.

பபாட்டியில் விளைகிற துவரை அவ்வளவும் முழுசாகவே கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விடும். கப்பல் ஏற்றுகிற தரகர் என்ன சொல்கிறாரோ அதுதான் விலை. உள்ளூரிலேயே பருப்பாக உடைத்து விற்றால் கூடுதல் விலை கிடைக்கும், தோலும் பொட்டும் மாட்டுக்கு ஆகும். ஆனால் ஊரில் மில் கிடையாது. இந்தியாவின் பெரிய மில்காரர்களிடம் போய்க் கேட்டோம். உட்கார வைத்துக் காபி கொடுத்தார்கள். "உங்க ஊர்ல மில் வந்துட்டா எங்க மில்லுக்கு யார் துவரை அனுப்புறது?" என்று சிரித்துக்கொண்டே வழியனுப்பினார்கள். அந்த வருடச் சங்கக் கூட்டத்தில் பெண்கள் எழுந்து முடிவாகச் சொல்லிவிட்டார்கள். அடுத்த விதைப்புக்குள் மில்லுக்கு ஆள் கிடைக்காவிட்டால் துவரை ஊன்றுவதையே விட்டுவிடுவோம் என்று.

அந்தச் சமயத்தில்தான் யாங்கூனில் பருப்பு உடைக்கும் இயந்திரங்களை உள்ளூர்ப் பட்டறைகளே செய்கின்றன என்று கேள்விப்பட்டோம். எப்படியாவது ஒரு கூட்டாளியைப் பிடித்துக்கொண்டு வாருங்கள் என்று என்னையும் தலைவர் பரக்காவையும் அனுப்பி வைத்தார்கள். பரக்கா ஆறடிக்கு மேல் உயரம். எந்த வெயிலிலும் சாம்பல் நிறக் கோட்டைக் கழற்ற மாட்டார். என்னை மாமா ஜெயா என்பார். சுவாஹிலியில் மாமா என்றால் அம்மா. யாங்கூன் தமிழர்கள் நடுவே அவர் என்னை அப்படி உரக்கக் கூப்பிட்டபோதெல்லாம் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

விமான நிலையத்து வாசலில் சேகர் என்கிற தமிழ் இளைஞர் எங்களைத் தன் பழைய பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டார். பர்மியர்கள் அவரைக் கோ சேகர் என்று கூப்பிட்டார்கள். கோ என்றால் அண்ணன்போல. தமிழ் நன்றாகப் புரிந்தது. பேசும்போதுதான் பர்மியச் சொற்கள் முந்திக்கொண்டு வந்தன.

வண்டி நகர்ந்த உடனே பரக்கா முன் இருக்கையை இறுகப் பிடித்துக்கொண்டார். அந்த ஊரில் சாலையின் வலது பக்கம் ஓட்டுகிறார்கள். ஆனால் ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டிகள் என்பதால் ஸ்டியரிங்கும் வலது பக்கமே இருக்கிறது. முன்னால் போகும் பஸ்ஸை முந்த வேண்டுமென்றால் ஓட்டுநருக்கு எதிர்ச் சாலை தெரியாது. இடது பக்கம் உட்கார்ந்திருப்பவர்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். அங்கே உட்கார்ந்திருந்தவர் பரக்கா.

"சயா, கார் வருதா?" என்று சேகர் தமிழில் கேட்டார். சயா என்றால் ஐயா. நான் அதைச் சுவாஹிலியில் கேட்டேன். பரக்கா பார்த்துச் சுவாஹிலியில் பதில் சொன்னார். நான் தமிழில் சொன்னேன். அதற்குள் மூன்று பஸ்கள் வந்து போய்விட்டன. லான்மடா பகுதியில் எங்கள் விடுதி வந்து சேர்வதற்குள் 'போ', 'வேண்டாம்' என்கிற இரண்டு தமிழ்ச் சொற்களைப் பரக்கா பழகிக்கொண்டார்.

மறுநாள் காலை விடுதிக்கு எதிரே நடைபாதைக் கடையில் மோஹிங்கா சாப்பிட்டோம். மீன் குழம்பில் அரிசிச் சேவையைப் போட்டு, மேலே பொரித்த பருப்பு வடையை நொறுக்கித் தூவித் தருகிறார்கள். எழுந்தவுடன் மீனா என்று தயங்கினேன். முதல் வாய்க்குப் பிறகு தயக்கம் போய்விட்டது. பரக்கா உட்கார்ந்த குட்டி முக்காலி அவருக்குக் கீழே காணாமலே போயிற்று. கடைக்காரப் பெண் அவரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சேகரிடம் ஏதோ கேட்டாள்.

"என்ன கேக்குறாங்க?"

"ஃபுட்பால்காரரான்னு கேக்குறா, அக்கா."

"விவசாயின்னு சொல்லுங்க."

சேகர் சொன்னார். அவள் நம்பவில்லை. ஆனாலும் இன்னொரு வடையை நொறுக்கிப் போட்டாள்.

அன்று பிற்பகல் வியாபாரிகளைக் கூட்டித் தான்சானியாவைப் பற்றிச் சொல்ல ஒரு மண்டபம் பிடித்திருந்தோம். நாற்காலிகளில் பாதிதான் நிறைந்தது. நான் படங்களைக் காட்ட ஆரம்பித்தேன். பபாட்டி வயல்கள், ஏரி, குன்றுகள், துறைமுகத்துக்குப் போகும் சாலை. துறைமுகத்துக்கு இன்னும் போய்ச் சேரவில்லை, மின்சாரம் போய்விட்டது. யாரும் அசையவில்லை. "மீ ப்யெட்" என்று எங்கோ ஒரு குரல், மின்சாரம் போச்சு என்று, அலுப்புடன் சொன்னது. அவ்வளவுதான். பழக்கம்தான் போலிருக்கிறது.

இருட்டு மண்டபத்தில் பரக்கா எழுந்து நின்றார். மைக் இல்லை, படம் இல்லை. அவருக்கு இரண்டுமே தேவைப்பட்டதில்லை. எங்கள் மண் எப்படி, மழை எப்படி, பெண்கள் எப்படி விதைக்கிறார்கள் என்று அவர் பேச, நான் வாக்கியம் வாக்கியமாக ஆங்கிலத்தில் சொன்னேன். எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். கேக்கும் தேநீரும் வந்தன. அவற்றையும் மரியாதையாகச் சாப்பிட்டார்கள்.

பிறகு முன்வரிசையிலிருந்த, எல்லோரும் மரியாதையாக ஊ சோ என்று கூப்பிட்ட பெரிய தரகர் பேசினார். வயதானவர், வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட லோஞ்சி என்கிற கைலி. "நீங்கள் துவரை விற்கிறீர்கள். நாங்களும் துவரை விற்கிறோம். இரண்டு பேருக்கும் ஒரே இந்தியாதான் சந்தை. விற்கிறவன் வந்து விற்கிறவனிடம் என்ன கேட்கிறான்?" என்றார். மண்டபம் சிரித்தது.

"உங்களுக்கு அறுவடை எப்போது?" என்று கேட்டேன்.

"குளிர்காலம் முடிகிறபோது."

"எங்களுக்கு அதற்கு நேர் எதிர்ப்பக்கம். உங்கள் கிடங்கு காலியாக இருக்கிற மாதங்களில்தான் எங்கள் செடி காய்க்கிறது. இரண்டும் சேர்ந்தால் வருடம் முழுக்கப் பருப்பு கொடுக்க முடியும். போட்டிக்கு நாங்கள் வரவில்லை. உங்கள் இயந்திரத்தைக் கேட்டு வந்திருக்கிறோம்."

ஊ சோ தலையை ஆட்டினார். "ஆப்பிரிக்கத் துவரை தோல் விடாது. விட்டாலும் வேகாது. இங்கே எல்லோருக்கும் தெரியும்" என்று எழுந்துகொண்டார். அவர் எழுந்ததும் மற்றவர்களும் எழுந்தார்கள்.

காலி நாற்காலிகளுக்கு நடுவே ஒரு பெண்மணி மட்டும் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். பெண்கள் கட்டும் தமெய்ன் என்கிற பூப்போட்ட கைலி, கழுத்தில் சின்னச் சிலுவை, மடியில் பெரிய கைப்பை. நான் அருகில் போனதும் தமிழில் பேசினார். அதுவும் எங்கள் தென்பாண்டிப் பக்கத்துத் தமிழ்.

"இங்கிலீஸ்ல பேசி என்ன செய்ய? அந்தாளு சொன்னது நெசமா பொய்யா? அதைத்தான் தெரிஞ்சிக்கணும். துவரை கையில இருக்கா?"

"மூட்டையே இருக்கு."

"அப்பச் சரி. நாளைக்கு மில்லுக்குக் கொண்டாங்க. என் மெசின்ல போட்டுப் பாப்போம். பருப்பு உடையாம வந்தா மேக்கொண்டு பேசுவோம். குருணையா வந்தா ஒரு டீயக் குடிச்சிட்டு ஊருக்குப் போயிருங்க. வருத்தப்படக் கூடாது."

ஊர் அவரை மரியாதையாக டாவ் கிரேஸ் என்றது. நான் கிரேஸக்கா என்றேன். க்யிம்யிண்டைங்கில், படகுத்துறைக்குப் பக்கத்தில், அவருக்கு ஒரு பருப்பு மில்லும் அதை ஒட்டி இயந்திரம் செய்யும் பட்டறையும் இருந்தன. கணவர் இறந்த பிறகு அவரே நடத்துகிறார். தாத்தா காலத்தில் மிஷன் பள்ளியில் படித்துக் குமாஸ்தாவாக வந்த குடும்பம். இப்போது வெளிநாட்டு இயந்திரங்கள் வந்து குவிந்ததில் பட்டறைக்கு வேலை குறைந்துவிட்டது. "என் ஃபிட்டருங்க காலையில வந்து உக்காந்து லபெயே குடிச்சிட்டுச் சாயங்காலம் போறாக. கை இருக்கு, இரும்பு இருக்கு, ஆர்டர்தான் இல்ல" என்றார். லபெயே என்பது பால் தேநீர். அதை அவர் பேச்சில் தமிழ்ச் சொல்லாகவே புழங்கினார்.

அடுத்த நாள் மூட்டையைத் தார்ப்பாயில் சுற்றிச் சேகரின் பிக்கப் கூரையில் கட்டிப் புறப்பட்டோம். பாதி வழியில் மழை பிடித்தது. மழை என்று சொன்னால் போதாது. விருதுநகரில் ஒரு வருடம் பெய்வதை யாங்கூன் காலைச் சாப்பாட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் பெய்துவிடுகிறது. தெரு ஆறாயிற்று. செருப்புகள் மிதந்து போயின. வண்டி இருமியது, நின்றது.

"யாபாதே, அக்கா" என்றார் சேகர். பரவாயில்லை என்று அர்த்தம். அவருக்கு எல்லாமே யாபாதேதான். இறங்கிப் பார்த்தால் தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. பரக்கா கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் போய்த் தள்ளினார். அவர் கோட்டைக் கழற்றி நான் பார்த்தது அதுதான் முதல் முறை. பின்னால் நின்றுவிட்ட லைன் பஸ்ஸிலிருந்து ஆட்கள் குதித்து வந்தார்கள். லோஞ்சியைத் தொடைக்கு மேல் சுருட்டிக் கட்டிக்கொண்டு, யாரும் கேட்காமலே, கை கொடுத்தார்கள்.

"இவர் ஒருத்தர் போதும்போல, நாம் சும்மா தொட்டுக்கொண்டு வந்தால் சரி" என்று ஒருவர் சொன்னதைச் சேகர் எனக்குச் சொன்னார். பரக்காவுக்கு அதைச் சொன்னேன். அவர் சந்தோஷமாகி இன்னும் பலமாகத் தள்ளினார். "எங்கள் ஊர் டலடலா பஸ்ஸும் இப்படித்தான், மாமா ஜெயா. இப்போதுதான் ஊரில் இருக்கிற மாதிரி இருக்கிறது" என்றார்.

மில் வாசலில் மூட்டையை இறக்கும்போதுதான் தெரிந்தது. கூரைக் கம்பி தார்ப்பாயைக் கிழித்து மூட்டையையும் கிழித்திருக்கிறது. கூரையில் விழுந்த மழை மொத்தமும் துவரைக்குள் இறங்கியிருக்கிறது. பிரித்தோம். மேலிருந்து அடிவரைக்கும் சொதசொதவென்று ஊறிக் கிடந்தது.

பரக்கா மூட்டைப் பக்கத்தில் ஈரத் தரையிலேயே உட்கார்ந்தார். அந்தத் துவரை சும்மா எடுத்து வந்ததல்ல. சங்கத்தில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு படி என்று, கல்லும் சொத்தையும் நீக்கிப் பெண்கள் உட்கார்ந்து பொறுக்கிக் கொடுத்தது. "ஊரில் போய் என்ன சொல்வேன்? மழையில் விட்டுவிட்டேன் என்றா?" என்று கேட்டார். அவருடைய ஈரக் கோட்டு இன்னும் என் கையில்தான் இருந்தது.

கிரேஸக்கா குனிந்து மூட்டைக்குள் முழங்கைவரை கையை விட்டார். ஒரு மணியை எடுத்து நகத்தால் கிள்ளினார். தோல் லேசாக நழுவியது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஏ, நீ விருதுநகர்க்காரின்னுதானே சொன்ன? துவரையை ஊறப்போடாம எப்படிம்மா தோல் எடுப்ப?"

எனக்குச் சட்டென்று உறைத்தது. ஊறவைத்து, செம்மண் கட்டி, காயவைத்து, பிறகு உடைப்பது பழைய முறைதான். மழை செய்தது அதன் முதல் வேலை.

"ஊறுனது நல்லதுதான். ஆனா உடனே காயணும். நாளைக்கு விட்டா மொளை விட்டுரும், அப்புறம் ஒண்ணுத்துக்கும் ஆவாது. வெயிலு இந்தப் பக்கம் எட்டிப் பாக்காது. உமித் தளத்துல போடுவோம்."

மில்லின் பின்கட்டில் செங்கல் தளம் ஒன்று இருந்தது. அடியில் நெல் உமி எரியும். சூடு மேலே சீராக வரும். செம்மண்ணைக் குழைத்துத் துவரையில் பிசிறி அதன்மேல் பரப்பினோம். சூடு அதிகமானால் துவரை வெந்துவிடும். குறைந்தால் காயாது. அதனால் கையால் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. சும்மா உட்கார்ந்திருந்த ஃபிட்டர்கள் எழுந்து வந்தார்கள். சேகரும் வந்தார். பரக்காவின் பேன்ட் சேறாகிவிட்டதால் கிரேஸக்கா ஒரு பச்சைக் கட்ட லோஞ்சி கொடுத்தார். வலது கையால் நீட்டும்போது இடது கையால் முழங்கையைத் தொட்டுக்கொண்டு கொடுத்தார். பரக்கா அதே மாதிரி முழங்கையைத் தொட்டு வாங்கினார். பபாட்டியிலும் பெரியவர்களுக்கு அப்படித்தான் கொடுப்பார்கள், அப்படித்தான் வாங்குவார்கள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டார்கள்.

அன்று முழுக்கப் புரட்டினோம். அடுத்த நாளும் பிற்பகல்வரை புரட்டினோம். நடுவில் சேகர் எங்களை மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியிலிருந்த தன் வீட்டுக்குச் சாப்பிட அழைத்துப் போனார். ரயில் பாதையை ஒட்டிய வீடு. அவர் மனைவி பர்மியப் பெண். சோறு, புளிச்சக்கீரைக் குழம்பு, கருவாடு, பெரிய தட்டில் லபெத் என்கிற தேயிலைச் சாலட். தேயிலையைக் குடிக்கத்தான் செய்வார்கள் என்று நினைத்திருந்த பரக்கா, நல்லெண்ணெயும் வறுத்த கடலையும் பூண்டும் சேர்த்து அதைத் தின்னவும் செய்கிறார்கள் என்று கண்டுகொண்டார். "எங்கள் நாட்டிலும் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. இத்தனை காலம் பாதியைத்தான் பயன்படுத்தியிருக்கிறோம்" என்றார். சேகரின் மனைவி சிரித்து, இன்னும் கொஞ்சம் வைத்தாள்.

துவரை காய்ந்துவிட்டது. மண் உதிர்த்துச் சலித்தாகிவிட்டது. இயந்திரத்தில் போட வேண்டும். மின்சாரம் இல்லை.

கிரேஸக்காவின் ஜெனரேட்டர் டீசலில்லாமல் கிடந்தது. அந்தப் பகுதிக்கு மின்சாரம் முறை வைத்து வரும். அன்றைக்கு முறையும் தவறிவிட்டது. இதற்குள் செய்தி எப்படியோ பரவி ஊ சோ வந்துவிட்டார். "மழையில் நனைந்ததாமே?" என்று அனுதாபமாகக் கேட்டார். கிரேஸக்கா அவருக்கு நாற்காலி போட்டு, "இருங்க, சாப்பிட்டுப் போகலாம்" என்று பர்மியத்தில் சொன்னார். மனிதர் உட்கார்ந்தார். எல்லோரும் மோட்டாரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

திடீரென்று தெருக்கோடியில் ஒரு ஆரவாரம் கேட்டது. அது வீடு வீடாக எங்களை நோக்கி ஓடி வந்தது. மாடிகளிலிருந்து கைதட்டினார்கள். "மீ லா பி! மீ லா பி!" மின்சாரம் வந்துவிட்டது. மின்சாரத்துக்கு ஒரு ஊரே சேர்ந்து கைதட்டுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நானும் கைதட்டினேன்.

மோட்டார் உறுமியது. பட்டை சுழன்றது. கிரேஸக்கா தன் கையாலேயே துவரையை இயந்திரத்தின் வாயில் கொட்டினார். கல் பிடிக்கும் சத்தம் கேட்டது. முதலில் தோல் பறந்தது. பிறகு கீழே விரித்திருந்த பாயில் விழுந்தது பாருங்கள், மஞ்சள். நல்ல துவரம்பருப்பின் மஞ்சள், இரண்டு பாதியாக, ஓரம் உடையாமல். பரக்கா இரண்டு கையாலும் ஏந்தினார். தன் வயலில் விளைந்ததைப் பருப்பாக அவர் அன்றுதான் முதன்முதலில் பார்க்கிறார் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. அதுவரை அது கப்பலுக்குப் போய்விடும், அவ்வளவே.

கிரேஸக்கா சல்லடையைக் குலுக்கினார். குருணை ஒரு கைப்பிடிகூடத் தேறவில்லை. நேரே உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தார்.

குக்கர் இல்லை. சாதாரணச் சட்டிதான். பருப்பு கொதிக்கத் தொடங்கியதும் எல்லோரும் சுற்றி வந்து நின்றார்கள். ஊ சோகூட நாற்காலியை அடுப்புப் பக்கம் நகர்த்திக்கொண்டார். கிரேஸக்கா கரண்டியில் எடுத்து விரலால் நசுக்கினார். மாவாக நசுங்கியது. அதற்குப் பிறகு முருங்கைக்காய், புளி, பச்சைமிளகாய். கடைசியில் பர்மிய வழக்கப்படி கொஞ்சம் மீன் விழுதையும் போடப் போனார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"போடாம எப்படி ருசிக்கும்?"

"இன்னைக்கு ஒரு நாள் போடாதீங்கக்கா. பருப்போட ருசி தெரியட்டும்."

ஊ சோ சோற்றில் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டார். நாங்கள் யாரும் சாப்பிடவில்லை, அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். தட்டு காலியானது. தட்டை நீட்டினார். கிரேஸக்கா இன்னொரு கரண்டி ஊற்றினார். அதுவும் காலியானது.

"வேகிறது" என்றார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "தோலும் விடுகிறது" என்றார். போகும்போது பரக்காவின் கையைக் குலுக்கி, "மில் ஓட ஆரம்பித்ததும் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். எங்கள் கிடங்கு காலியாக இருக்கிற மாதங்களில் வாங்கிக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பேரம் அதன் பிறகுதான் தொடங்கியது. சட்டியைச் சுற்றி உட்கார்ந்தே பேசினோம்.

"இங்கேருந்து பணத்த வெளிய அனுப்ப முடியாது. அது உங்களுக்கே தெரியும்" என்றார் கிரேஸக்கா. "இரும்ப அனுப்பலாம். மெசின் எல்லாம் என் பங்கு. மாட்டி ஓட்டிக் காட்ட என் ஃபிட்டருங்களையும் கூட்டிட்டு நானே வாரேன். எடமும் துவரையும் உங்க பங்கு. ஆளுக்குப் பாதி."

பரக்கா தலையசைத்தார். மாட்டேன் என்கிற தலையசைப்பு. "பாதி கூடாது. சங்கத்துப் பங்கு ஒரு படியாவது கூடுதலாக இருக்க வேண்டும். அது விவசாயிகளின் மில்லாக இருக்க வேண்டும். வேறொருவர் மில்லுக்குத் துவரை போட்டுத்தான் இத்தனை காலம் இருந்தோம்."

நான் அதைத் தமிழில் சொன்னேன். கிரேஸக்கா யோசித்தார். கோபமாகிவிடுவாரோ என்று பயந்தேன்.

"மனுசன் பசியோட இருந்தும் பேரத்தை விடலையே" என்றார். "சரின்னு சொல்லு. ஆனா ஒண்ணு. உதிரி சாமான் எல்லாம் என் பட்டறையிலதான் எடுக்கணும். அடுத்த மெசினும், அதுக்கு அடுத்த மெசினும். அப்பத்தான் என் ஆளுங்க சும்மா உக்காந்து டீ குடிக்க மாட்டாக."

நான் சொல்லி முடிப்பதற்குள் பரக்கா கையை நீட்டிவிட்டார். பபாட்டியில் கை குலுக்கினால் லேசில் விடமாட்டார்கள். அவர் குலுக்கிக்கொண்டே இருந்தார். பின்னால் நின்ற ஃபிட்டர்கள் தெருவில் மின்சாரம் வந்தபோது செய்தது மாதிரியே கைதட்டினார்கள்.

பட்டறைச் சுவரில் சாய்த்து வைத்திருந்த புது இயந்திரம் ஒன்றை மறுநாள் காலையிலேயே பிரித்துப் பெட்டிகளில் கட்டத் தொடங்கிவிட்டார்கள். அனுமதிச் சீட்டுக்காகக் கிரேஸக்கா ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கினார். "எதுக்கு ஆப்பிரிக்கான்னு கேக்காக. பருப்பு வேகுதுன்னு சொன்னேன்" என்றார். மத்தியானம் மூன்று பேருமாகத் தந்தி ஆபீசுக்குப் போனோம். வெளிநாட்டு அழைப்புக்கு நீண்ட வரிசை. மரப்பெட்டிபோன்ற அறை ஒன்றில் பரக்கா குனிந்து நுழைந்தார். கதவு சாத்தவில்லை. அவர் உள்ளே இருந்தால் சாத்த முடியாது.

பபாட்டியில் சங்க அலுவலகத்தில் காலையிலிருந்தே எல்லோரும் தொலைபேசியைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள் என்று எங்களுக்குத் தெரியும். இணைப்பு கிடைத்தது. இரைச்சலாக இருந்ததால் பரக்கா கத்திப் பேச வேண்டியிருந்தது. ஆபீஸ் முழுக்க அவர் சுவாஹிலி எதிரொலித்தது.

"மில் வருகிறது! கேட்கிறதா? மில் வருகிறது! நம் துவரையைப் பருப்பாகப் பார்த்தேன், தின்றும் பார்த்தேன். அந்த இயந்திரத்தின் சொந்தக்கார அம்மாவும் வருகிறார். நீங்கள் துவரையை ஊன்றுங்கள்!"

மறுமுனையில் கூர்மையான ஒரு சத்தம் வெடித்தது. பரக்கா ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தார். பல பெண்களின் குரல் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி ஏறி வந்தது. பெட்டிக்கு வெளியே நின்ற எங்களுக்கே தெளிவாகக் கேட்டது.

கிரேஸக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ, என்ன ஆச்சு? யாரும் செத்துப் போனாகளா?"

"இல்லக்கா. குலவை போடுறாங்க."

"குலவையா?" நம்பாமல் என்னைப் பார்த்தார். பிறகு தலையைப் பெட்டிக்குள் நீட்டிக் கேட்டார். முகம் மாறிக்கொண்டே வந்தது. "ஆமாடி. குலவைதான்."

பரக்கா சிரித்துக்கொண்டே ரிசீவரை அவரிடம் கொடுத்தார், இடது கையால் முழங்கையைத் தொட்டபடி. கிரேஸக்கா அதை வாங்கி வாயருகே வைத்தார். என்ன பேசுவது என்று தெரியாமல் ஒரு முறை என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்குச் சுவாஹிலி தெரியாது, அவர்களுக்குத் தமிழ் தெரியாது. கைப்பையை என்னிடம் கொடுத்தார். மூச்சை இழுத்து, நாக்கைச் சுழற்றி, நீளமாக ஒரு குலவை போட்டார்.

வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள். கம்பிக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா எழுந்தே நின்றுவிட்டார். கிரேஸக்கா யாரையும் பார்க்கவில்லை. மூச்சு முடியும்வரை போட்டுவிட்டு ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டார்.

எங்களுக்கும் கேட்கட்டும் என்று அதைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். பிறகு பபாட்டி மொத்தமும் சேர்ந்து பதில் சொன்னது.